மேப்பில் 0 வந்தால் மீனே இல்லை என்று பொருளா?

கேள்வி: காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் என் மாமாவுக்காக, மீனின் பெயரைக் கீயாகவும் (தேடும் பெயர்) கிலோ அளவை மதிப்பாகவும் இணைத்து வைக்கும் மேப் ஒன்றில், கோ (Go) என்ற நிரல் மொழியில் இருப்புக் கணக்கு எழுதியிருக்கிறேன். விற்றுத் தீர்ந்த வஞ்சிரத்துக்கும் 0 வருகிறது. அன்று வரவே வராத கடம்பாவுக்கும் 0 வருகிறது. எப்படிப் பிரித்தறிவது? ஒரு மீனை நீக்கும் முன் அது மேப்பில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கோ மொழியில், மேப்பில் இல்லாத கீயைக் கேட்டால் பிழை எழாது; மதிப்பின் வகைக்குரிய வெறுமை மதிப்பு, அதாவது எண்ணுக்கு 0, எழுத்துச் சரத்துக்கு வெற்றுச் சரம், கிடைக்கும். புதிதாக வந்த மீனுக்கும் சோதனையின்றி நேரடியாகக் கிலோவைக் கூட்ட முடிவது இதனால்தான். பிரித்தறிய வேண்டிய இடத்தில், மேப்பைக் கேட்கும் வரியின் இடப்பக்கம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மாறிகளை எழுதுங்கள். முதலாவதில் அளவும், இரண்டாவதில் கீ இருந்தால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ் என்பதும் வந்து சேரும்.

நீக்குவதற்கு முன் சோதனை தேவையில்லை. இல்லாத கீயை டெலீட் செய்தால் ஒன்றும் நடக்காது. பைத்தான் மொழியின் டெல் கட்டளையைப் போலக் கீஎரர் என்ற பிழையை எழுப்பாது. மேப்பில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ரேஞ்ச் சுற்றுக்குள் இருந்தபடியே நீக்குவதற்கும் கோ மொழியில் தடையில்லை.

ஆனால் இந்த அமைதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. மேப்பில் ‘வஞ்சிரம்’ என்று இருக்க, நீக்கும்போது ‘வஞ்சரம்’ என்றோ, பெயரின் இறுதியில் ஓர் இடைவெளியுடனோ தட்டச்சு செய்தால், நிரல் எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடும், பழைய கணக்கு அப்படியே நிற்கும். டெலீட் எந்த மதிப்பையும் திருப்பித் தராததால், மனிதர் கையால் பெயரை உள்ளிடும் இடத்தில் மட்டும் முதலில் சோதித்து, ‘அப்படி ஒரு மீன் பட்டியலில் இல்லை’ என்று தெரிவிப்பது நல்லது. பெயரின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை, கோவின் ஸ்டிரிங்ஸ் தொகுப்பில் உள்ள டிரிம்ஸ்பேஸ் அகற்றிவிடும். எழுத்துப் பிழைக்கு, பெயர்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வதே வழி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீர்ந்த மீனை உடனே நீக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீக்கிவிட்டால், வஞ்சிரம் வந்து விற்றதா, வரவே இல்லையா என்பதை மாலையில் மாமா கேட்கும்போது நிரலால் சொல்ல இயலாது. 0 அங்கேயே இருக்கட்டும். அன்றைய கணக்கைச் சேமித்த பிறகு, 2023-இல் வெளிவந்த கோ 1.21 பதிப்பிலிருந்து கிடைக்கும் கிளியர் கட்டளையால் மேப் முழுவதையும் ஒரே வரியில் காலி செய்துகொள்ளலாம்.