தை மாதம் கல்யாணம்: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

போடாதீர்கள், தம்பி. 27 வயதில் சோர்வு, நாட்டமின்மை, முடி உதிர்வு என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பயம் ஒன்றுதான்: கல்யாணமானால் குழந்தை பிறக்குமா? ஜிம் மாஸ்டர் சொல்லும் ஊசிதான் அந்தப் பயத்தை நிஜமாக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் விந்தணு அறவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

உங்கள் ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் அளவாக வந்திருக்கும் 262 என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதில் ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.10. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள், வேறு வேறு நாளில் இரண்டு முறை பாருங்கள். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச். (விரைகளுக்கு பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு ஹார்மோன்கள்), புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்) ஆகியவற்றையும் பாருங்கள்.

முடி கொட்டுவது டெஸ்டோஸ்டிரோன் குறைவால் அல்ல. ஊசி போட்டால் இன்னும் கொட்டலாம். இதெல்லாம் கைப்பழக்கத்தால் வந்ததா என்றால், இல்லவே இல்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்தும் வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். 94 கிலோ எடையும் இரவு 2 மணி வரை கண்விழிப்பதும் ஹார்மோனைக் குறைக்கும். அதைச் சரிசெய்யலாம்.

என்னை உறுத்துவது கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி: அடிக்கடி தலைவலி, பைக்கில் போகும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாமல் இரண்டு தடவை உரசிவிட்டது. இதைக் கவனக்குறைவு என்று விடாதீர்கள். பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தால் மேலே போகும் பார்வை நரம்பை அழுத்தும்; நேரே பார்ப்பது தெளிவாக இருக்கும், இரு ஓரமும் மங்கும். டெஸ்டோஸ்டிரோனும் குறையும். இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. புரோலாக்டின் சுரக்கும் வகை என்றால் பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும். ஊசி போட்டிருந்தால் தெம்பு வந்திருக்கலாம், கட்டி இருந்தால் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் பார்வைப்புலப் பரிசோதனை (ஓரங்களும் தெரிகிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு ஹார்மோன் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவர் சொல்வார். அதுவரை பைக்கைத் தொடாதீர்கள். திடீரென்று மண்டை பிளக்கும் வலியோ பார்வை மங்கலோ வந்தால், வாந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.