கருவை உடனே வைப்பதா, உறைய வைத்து அப்புறம் வைப்பதா?

பிசிஓஎஸ் (சினைப்பைகளில் சிறு நீர்க்கட்டிகள் தெரியும் ஹார்மோன் கோளாறு) உண்டு, ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய் சிகிச்சைக்காக 19 முட்டைகள் எடுத்திருக்கிறார்கள், கருக்களை உறைய வைக்கச் சொல்கிறார் டாக்டர், ஒரு மாதம் வீணாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீணாகாது. உங்கள் நிலையில் டாக்டர் சொல்வதே சரி என்பேன். இத்தனை முட்டைகள் வளர்ந்தபின் சினைப்பைகள் வீங்கியிருக்கும். உடனே கர்ப்பம் தங்கினால், அந்தக் கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனே வீக்கத்தை அதிகமாக்கி வயிற்றில் நீர் கோக்க வைக்கலாம். இதைத்தான் ஓஎச்எஸ்எஸ் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போவதும் உண்டு. பிசிஓஎஸ் உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், உடனே வைத்தவர்களில் 7.1 சதவீதம் பேருக்கு இது வந்தது. உறைய வைத்தவர்களில் 1.3 சதவீதம்தான். குழந்தை பெற்றவர்களும் உறைய வைத்த பிரிவிலேயே அதிகம்: 49.3 சதவீதம், உடனே வைத்த பிரிவில் 42.

ஆனால் அதே ஆய்வில், உறைய வைத்த பிரிவில் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீஎக்ளாம்சியா கூடுதலாக இருந்தது. அதனால் கர்ப்பம் தங்கியபின் பிபி பார்ப்பதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அதே காரணத்துக்காக, ஹார்மோன் மாத்திரைகளை மட்டுமே நம்பாமல், முட்டை வெடிக்கும் மாதவிடாய்ச் சுழற்சியில் கருவை வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

பிசிஓஎஸ் இல்லாத தோழி யாராவது கேட்டால், அவருக்கு இதே அறிவுரை பொருந்தாது. வியட்நாமில் அப்படிப்பட்ட பெண்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முட்டைகள் அளவாக இருந்து, கருப்பையைக் கர்ப்பத்துக்குத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனும் முன்கூட்டியே ஏறாமல் இருந்தால், அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.