‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் என்ன அர்த்தம், மேடம்?

கோட்டையில், அதாவது சென்னைத் தலைமைச் செயலகத்தில், 33 ஆண்டுகள் வேலை பார்த்து, சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். எம்.எல்.ஏ., எம்.பி. எழுதும் கடிதங்களுக்கு அரசு தரும் பதில்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை.

எங்கள் எம்.எல்.ஏ. ஒரு அரசுப் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை கேட்டு எழுதினார். ‘தங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?
*எம்.எல்.ஏ. ஒருவரின் உதவியாளர், விருதுநகர் மாவட்டம்*

இப்போதைக்கு வேண்டாம். அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கோப்பு ஆரம்பித்தாயிற்று, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

பதிலில் யாராவது ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். ‘தலைமைப் பொறியாளரிடமிருந்து கருத்துரு (பணிக்கான முன்மொழிவு) கோரப்பட்டுள்ளது’ என்று இருந்தால் அது நல்ல பதில். பந்து யார் கையில் இருக்கிறது, நீங்கள் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. ‘நிதிநிலைக்கேற்ப’ என்று இருந்தால், நிதித்துறை ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கும், அல்லது திருப்பிவிடுவார்களோ என்று எழுதியவர் பயந்திருப்பார். ‘ஆவன செய்யப்படும்’ நல்ல தமிழ். ஆக வேண்டியதைச் செய்வோம் என்கிறது. ஆக வேண்டியது எது என்பதை மட்டும் சொல்லாது.

‘சாத்தியக்கூறு இல்லை’ என்று வந்தால் எல்லோருக்கும் கோபம் வரும். எனக்குப் பிடித்த பதில் அதுதான், கூடவே காரணமும் எழுதியிருந்தால். துறையில் பணம் இல்லை என்பது காரணமானால், உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறதே, அரசுப் பள்ளி வகுப்பறையை அதில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். ‘பரிசீலனை’ என்று எழுதி உங்களை ஒரு வருஷம் உட்கார வைப்பதைவிட அது மேல் இல்லையா?

தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எம்.எல்.ஏ. கடிதங்களுக்கு பதில் வரைவு எழுதி மேலதிகாரிகளுக்கு ‘புட் அப்’ பண்ணச் சொல்கிறார்கள். நல்ல மாதிரி ஒன்று தர முடியுமா, மேடம்?
*பெயர் வேண்டாம், சென்னை*

மாதிரி தரமாட்டேன். பழைய கோப்பில் மாதிரி தேடித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு துறையில் உதவியாளராக இருந்தேன். ஓர் எம்.எல்.ஏ., புதூர் கிராமத்தில் ஓடையின் குறுக்கே சிறுபாலம் கேட்டு எழுதியிருந்தார். மாவட்டத்திலிருந்து அறிக்கை வந்தது: ‘புதூர் சிறுபாலப் பணி முடிவுற்றுப் பயன்பாட்டில் உள்ளது.’ முந்தைய கோப்பில் இதே போல ஒரு பதில் இருந்தது. ஊர்ப் பெயரை மாற்றினேன், நாளை மாற்றினேன், வைத்துவிட்டேன். எனக்கு மேலே மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடிதம் போய்விட்டது.

பத்து நாள் கழித்து எங்கள் சார்புச் செயலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த எம்.எல்.ஏ. கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். சத்தமே போடவில்லை. “நீங்கதான் எழுதினீங்களாம்மா? அந்தப் பாலத்துல ஒரு தடவை நடந்து பாக்கணும். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

அதே ஒன்றியத்தில் இரண்டு புதூர். பாலம் கட்டியது இன்னொரு புதூரில். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று யார் எண்ணி முடிப்பது? ஆனால் தப்பு மாவட்டத்துக்காரர்கள் மேல் மட்டும் இல்லை. கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே ‘மாரியம்மன் கோயிலுக்கு வடக்கே, ரேஷன் கடைக்குப் பின்புறம்’ என்று அவர் எழுதியிருந்தார். நான் ‘பொருள்’ என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அறிக்கை கேட்டிருந்தேன். கோயிலும் ரேஷன் கடையும் என் கடிதத்தில் போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தபால் வந்ததும் தன்பதிவேட்டில் (நமக்கு வரும் தபால்களைக் குறித்துவைக்கும் ஏட்டில்) ஏற்றுவதற்கு முன்னால், கடிதத்தில் எத்தனை கோரிக்கை என்று ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுவிடுவேன். எம்.எல்.ஏ. கடிதத்தில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்: பாலம், பஸ், ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம். நம் துறைக்கு உரியது ஒன்றுதான் என்றால் அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். மற்றவற்றை எந்தத் துறைக்கு, எந்த நாளில் அனுப்பினோம் என்று பதிலில் ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அதே கடிதம் நினைவூட்டாகத் திரும்பி வரும்.

இனி வரைவுக்கு வருவோம். நாம் வழக்கமாக எழுதுவது இது:

‘பார்வையில் காணும் தங்கள் கடிதத்தில் கோரப்பட்டுள்ள பொருள் தொடர்பாக உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது என்பதைத் தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்.’

‘பணிக்கப்பட்டுள்ளேன்’ என்பது வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில வாசகத்துக்குத் தமிழ் வேட்டி கட்டிவிட்டது. ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். இன்னும் அந்த வேட்டியை நாம் அவிழ்க்கவில்லை. போகட்டும். இந்த வாக்கியத்தை எந்தத் தொகுதிக்கு, எந்தக் கோரிக்கைக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதான் இதில் கோளாறு. நான் இப்படி எழுதுவேன் (தொகை உதாரணத்துக்கு):

‘மாரியம்மன் கோயிலுக்கு வடக்கே ஓடையில் சிறுபாலம் கேட்டு எழுதியிருந்தீர்கள். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு 18 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தயாரித்துள்ளார். இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் இப்பணி இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டுப் பணிப் பட்டியலில் சேர்ப்பதற்காக மாவட்டத்திலிருந்து கருத்துரு வந்துள்ளது.’

கடைசி வரியைக் கவனியுங்கள். ‘சேர்க்கப்படும்’ என்று எழுதவில்லை. ஒருமுறை அப்படி எழுதினேன். துணைச் செயலாளர் அந்தச் சொல்லைப் பச்சை மையில் சுழித்து, பக்கத்தில் ‘பேசவும்’ என்று எழுதியிருந்தார். போனேன். “நிதித்துறை இன்னும் வாயே திறக்கல, நீங்க எப்படிம்மா சேர்த்தீங்க?” என்றார். அந்தக் கடிதத்தைக் கோயில் திருவிழா மேடையில் வாசிப்பார்கள், அடுத்த கூட்டத்தொடரில் சட்டமன்றத்திலும் காட்டுவார்கள், அப்போது நீங்கள் வேறு துறையில் இருப்பீர்கள், பதில் சொல்ல வேண்டியது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்றார். நடந்ததை எழுதுங்கள். நடக்கப்போவதை எழுத வேண்டும் என்றால், கோப்பில் யாருடைய உத்தரவு இருக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், போன். இ-ஆபீஸ் வந்த பிறகு எல்லாம் திரையில் நகர்கிறது, நகரட்டும். மூன்று நினைவூட்டுக்கும் வராத அறிக்கை, ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டதும் சாயங்காலமே வந்திருக்கிறது. அந்த ஓவர்சீயருக்குத்தான் ரேஷன் கடை எந்தப் பக்கம் என்று தெரியும்.

எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கிறதா?
*வாசகர், தஞ்சாவூர்*

மத்திய அரசில் இருக்கிறது. எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்களுடன் அதிகாரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1974-இலேயே அறிவுரை வந்தது. பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2011 டிசம்பரில் அதைத் தொகுத்து மறுபடி அனுப்பியது. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ஒப்புகை, அதற்கடுத்த 15 நாளுக்குள் பதில். தாமதமாகும் என்று தெரிந்தால் இடைக்காலப் பதில். அச்சடித்து வைத்த பதில்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதில் உண்டு. உறுப்பினர் அறைக்கு வந்தால் எழுந்து வரவேற்க வேண்டும், போகும்போதும் எழுந்து வழியனுப்ப வேண்டும் என்பதுகூட இருக்கிறது. எழுந்து நிற்பதில் யாரும் குறை வைப்பதில்லை. அந்த 15 நாள்தான் இடிக்கும்.

ஆங்கிலத்தில் எழுதிய நம் எம்.பி.க்கு டெல்லியிலிருந்து இந்தியில் பதில் வருகிறதே, அது சரியா?
*வாசகி, மதுரை*

உங்கள் ஊர் எம்.பி. சு. வெங்கடேசன் போட்ட வழக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் ஆள்சேர்ப்புத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் இல்லை என்று அவர் 2020 அக்டோபரில் எழுதினார். உள்துறை இணை அமைச்சரிடமிருந்து நவம்பரில் இந்தியில் பதில் வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது: ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும். 1963 ஆட்சிமொழிகள் சட்டத்தின்படி, இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு ஆங்கிலத்தில்தான் கடிதம் நடத்த வேண்டும். 1976 ஆட்சிமொழி விதிகளோ, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன.

தீர்ப்புக்குப் பிறகும் நிற்கவில்லை. 2024-இல் மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லா, ரயில்வே இணை அமைச்சரின் இந்திக் கடிதம் புரியவில்லை என்று தமிழிலேயே பதில் எழுதினார். வரைவு எழுதியவள் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தேர்வு மையம் எங்கே, ரயிலில் சாப்பாடு எப்படி என்பதையெல்லாம் கேட்டவர் படிக்கும் மொழியில் எழுதியிருந்தால், பேச்சு அந்த விஷயத்தைப் பற்றி நடந்திருக்கும்.

அமைச்சர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அமைச்சரே எழுதுவாரா?
*வாசகர், கோவை*

முதல் வரியையும் கடைசி வரியையும் சிலர் மாற்றுவார்கள். நடுவில் இருப்பது பிரிவில் எழுதியது. ஒரே ஓர் அமைச்சர் என் வரைவை முழுக்கத் திருத்தி அனுப்பினார். அவர் முன்பு தமிழாசிரியராம். சந்திப்பிழை ஏழு.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறோம். எப்படி எழுதினால் பதில் வரும்?
*வாசகி, புதூர்*

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். தெருப் பெயர், வார்டு எண், ஊராட்சியின் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ எதுவானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு மனு கொடுத்திருந்தால் அதன் நகலை இணையுங்கள். தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் நல்லது, ஆனால் போன் எண் ஒருவருடையது போதும்.

சரி, நீங்கள் எந்த ஒன்றியத்துப் புதூர் என்று எனக்கு எழுதிய கடிதத்திலும் இல்லையே, அம்மா?