மீந்துபோன தீபாவளி சாக்லேட்: உருக்கும் முன் பிரித்து வையுங்கள்

கேள்வி: தீபாவளிப் பரிசாக வந்த சாக்லேட் பெட்டிகளும் துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்ததும் சேர்ந்து முக்கால் கிலோவுக்கு மேல் கிடக்கிறது. சிலவற்றில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கொஞ்சம் எடுத்து உருக்கினேன், மணல் மாதிரி திரிந்து கட்டியாகிவிட்டது. தூக்கிப்போட மனசு வரவில்லை. சமையலில் எப்படிப் பயன்படுத்தலாம்?

பதில்: அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் பூஞ்சணம் இல்லை, பயப்பட வேண்டாம். அது இரண்டு விதமாக வரும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். காரிலோ பரணிலோ இருந்து இளகிய சாக்லேட் மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து சாம்பல் நிறமாகப் படிகிறது. விரலால் தேய்த்தால் இது மறைந்துவிடும். உருக்கினால் பழைய நிறம் வந்துவிடும். இன்னொன்று ஈரத்தால் வருவது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரித்தால் மேலே நீர் பூக்கும், அதில் சர்க்கரை கரைந்து பிறகு காயும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், தேய்த்தாலும் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். இதையும் சாப்பிடலாம். ஆனால் உருக்கினால் மழமழவென்று வராது என்பதால் பாலிலோ கேக்கிலோ சேர்த்துவிடுங்கள். பருப்பில் சிக்கு வாடை அடித்தாலோ, க்ரீம் வைத்த சாக்லேட் தேதி தாண்டியிருந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

அடுத்து, பிரிப்பது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி உருக்குவதால்தான் பலருக்கும் சொதப்புகிறது. வெறும் சாக்லேட், பருப்பு அல்லது உலர்பழம் உள்ளது, வேஃபர் உள்ளது, கேரமல் அல்லது க்ரீம் உள்ளது என்று தனித்தனியாக வையுங்கள். வெறும் சாக்லேட்டிலும் உறையின் பின்பக்கம் பார்க்க வேண்டும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது கம்பவுண்ட். இரண்டையும் கலந்து உருக்கினால் கொழுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், சரியாக இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். பேரீச்சம்பழத்தையோ முந்திரியையோ முக்கி எடுக்கக் கம்பவுண்ட்தான் வசதி, அப்படியே இறுகிவிடும். உண்மையான சாக்லேட்டைச் சூடு பார்த்துப் பதப்படுத்தாமல் முக்கினால் பளபளப்பே வராது, கையிலும் ஒட்டும்.

உங்கள் சாக்லேட் கட்டியானதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர்தான். உருகிய சாக்லேட்டில் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் கொழுப்பில் மிதக்கின்றன. சில சொட்டு ஈரம் பட்டாலே போதும், சர்க்கரை நனைந்து எல்லாத் துகளையும் இழுத்து ஒட்டவைத்துவிடும். கழுவித் துடைத்த கிண்ணத்தின் விளிம்பு மடிப்பில் நிற்கும் ஒரு சொட்டு, ஈரம் குடித்த மரக்கரண்டி, மூடியிலிருந்து வடியும் ஆவி என்று எதுவாகவும் இருக்கலாம். இன்னொரு காரணம் அதிகச் சூடு. மில்க் சாக்லேட் 50 டிகிரியைத் தாண்டினாலே பால் பொருள் திரிய ஆரம்பிக்கும்.

ஈரத்தால் கட்டியானதைக் காப்பாற்றலாம். 100 கிராமுக்கு 3 மேஜைக்கரண்டி சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். முதல் கரண்டியில் இன்னும் மோசமாவது போலத் தெரியும், நிறுத்தாதீர்கள். சர்க்கரை முழுக்கக் கரையும் அளவுக்கு நீர் சேர்ந்ததும் பளபளவென்று இளகிவிடும். அதை இனி முக்கி எடுக்கப் பயன்படுத்த முடியாது. ஐஸ்க்ரீமுக்கும் பாலுக்கும் அருமையான சாஸ். தீய்ந்த வாடை வந்தால் மட்டும் வழியில்லை.

இனி உருக்கும்போது பொடியாக நறுக்கிய சாக்லேட்டைக் காய்ந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, லேசாக ஆவி வரும் தண்ணீருக்கு மேலே வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. மூடவும் கூடாது. முக்கால்வாசி உருகியதும் இறக்கிவிடுங்கள், மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். மைக்ரோவேவ் என்றால் பாதி பவரில் 20 விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளற வேண்டும்.

பரிசுப் பெட்டிகளில் அதிகம் இருப்பது மில்க் சாக்லேட். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. டார்க் சாக்லேட்டுக்கு எழுதிய குறிப்பில் இதை அப்படியே போட்டால் திகட்டும், கோகோ ருசியும் அடிபட்டுப்போகும். சர்க்கரையைக் குறையுங்கள், கோகோ பவுடர் கூட்டுங்கள், உப்பை மறக்காதீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பிரவுனி: மில்க் சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 100 கிராம் சேர்த்து உருக்கி ஆறவிடுங்கள். 60 கிராம் சர்க்கரை, 2 முட்டை சேர்த்து நன்றாக அடியுங்கள். மைதா 75 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், கால் தேக்கரண்டி உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். அதிகம் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகும். பட்டர் பேப்பர் போட்ட 18 செ.மீ. வட்டத் தட்டில் ஊற்றி 170 டிகிரி அவனில் 28 முதல் 30 நிமிடம் வையுங்கள். அவன் இல்லையென்றால் அடிகனமான பாத்திரத்தில் ஸ்டாண்ட் வைத்து, மூடி, 10 நிமிடம் மிதமான தீயில் காயவிட்டுப் பிறகு சிறுதீயில் 40 நிமிடம். குச்சியில் ஈரத் துணுக்கு இரண்டு ஒட்டி வரும்போதே எடுத்துவிட வேண்டும். சுத்தமாக வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். முட்டை வேண்டாம் என்பவர்கள் 100 கிராம் கெட்டித் தயிரும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்க்கலாம். பிரவுனியின் பிசுக்கு இருக்காது, மெத்தென்ற கேக்காக வரும். பருப்பு உள்ள சாக்லேட்டை நறுக்கி இந்த மாவிலேயே தூவிவிடுங்கள்.

அடுப்பில் அதிக நேரம் நிற்க முடியாதவர்களுக்குச் சாக்லேட் பர்ஃபி. கன்டென்ஸ்டு மில்க் 200 கிராம், மில்க் சாக்லேட் 225 கிராம், வெண்ணெய் 15 கிராம். மிகச் சிறு தீயில் கிளறி, உருகியதும் இறக்கித் தட்டில் பரப்பி, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டுங்கள். சூடு கூடினால் எண்ணெய் பிரியும். அப்போது ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டு வேகமாகக் கிளறினால் சேர்ந்துகொள்ளும். வெளியே வைத்தால் இளகிவிடும்.

வேஃபர் உள்ளவற்றை அவனில் வைக்காதீர்கள், நமுத்துப்போகும். நொறுக்கி பர்ஃபியின் மேலே பதித்தால் மொறுமொறுப்பு நிற்கும். கேரமல் உள்ளவை அவனில் ஓரத்தில் கல்லாக இறுகும். 100 கிராமுக்கு 40 மி.லி. ஃப்ரெஷ் க்ரீம் சேர்த்துச் சிறுதீயில் கரைத்துச் சாஸ் ஆக்குங்கள். க்ரீமைக் கொதிக்கவிட வேண்டாம், திரியக்கூடும்.

பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: 250 மி.லி. குளிர்ந்த பாலில் ஒரு மேஜைக்கரண்டி கேழ்வரகு மாவைக் கரைத்துப் பச்சை வாடை போகக் காய்ச்சி, இறக்கியபின் 20 கிராம் சாக்லேட்டைப் போட்டுக் கலக்குங்கள். சர்க்கரை தேவைப்படாது. ராகியின் மண்வாசனையோடு டார்க் சாக்லேட் இன்னும் நன்றாகச் சேரும்.

மிச்சத்தை ஃபாயிலில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாக்லேட்டின் கொழுப்பு பக்கத்தில் இருக்கும் மணத்தை இழுத்துக்கொள்ளும், மல்லிகைப்பூவும் அரைத்த மசாலாவும் இருக்கும் தட்டில் வேண்டாம். வெளியே எடுத்தால் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு பிரியுங்கள். பருப்பு, க்ரீம், வெள்ளைச் சாக்லேட் ஆகியவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள். வெறும் டார்க் சாக்லேட் எல்லாவற்றையும்விட அதிக நாள் தாங்கும், அதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.