அமெரிக்கன் டைமண்ட் தோடு மூன்றே மாதத்தில் மங்கிப்போவது ஏன்?

புதிதில் வைரம் மாதிரி மின்னியது, இப்போது கண்ணாடி மாதிரி கிடக்கிறது, அம்மாவின் வைரத்தோடு மட்டும் எப்படி இத்தனை வருஷம் தாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கல் கெட்டுப்போகவில்லை. தோட்டைத் திருப்பி, பின்பக்கம் பாருங்கள், எண்ணெயும் சோப்பும் அப்பியிருக்கும்.

எங்களுடையது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குக் கல் பதிக்கிற வீடு. மங்கிய கல் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அப்பா முதலில் திருப்பித்தான் பார்ப்பார். காரணம் எனக்கு பிளஸ் டூ இயற்பியலில்தான் புரிந்தது.

மேலே நுழைகிற ஒளி, கல்லின் அடியில் சாய்வாகத் தீட்டிய பட்டையில் மோதித் திரும்பி வந்தால்தான் கல் மின்னும். நன்றாகத் தீட்டிய கல்லில் அந்தப் பட்டையின் சாய்வு ஏறக்குறைய 41 டிகிரி, அதனால் நேராக இறங்குகிற ஒளியும் 41-இல்தான் மோதும் (பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால்). முழுசாகத் திரும்ப வைரத்துக்கு 24.4 டிகிரியைத் தாண்டினால் போதும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்கிற ஒளிவிலகல் எண் அதற்கு 2.42), அமெரிக்கன் டைமண்டுக்குச் சுமார் 28. சாதாரணக் கண்ணாடிக்கோ 42 வேண்டும், ஒரு டிகிரியில் கோட்டை விட்டு ஒளி கீழே ஒழுகிவிடும். கொலுசில் வைக்கிற கண்ணாடிக் கல்லுக்கு அடியில் பாதரசம் பூசினாற்போல ஒரு பூச்சு இருக்கிறதே, அது இந்த ஒழுகலை மறிக்கத்தான்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கல்லுக்குப் பின்னால் காற்று இருக்கும்வரைதான். தேங்காய் எண்ணெய் படிந்துவிட்டால் வைரத்தின் எல்லை 37-க்கு ஏறும், அப்போதும் 41 அதற்குப் போதும், கொஞ்சம் மங்கினாலும் சமாளித்துவிடும். அமெரிக்கன் டைமண்டுக்கு அதே எண்ணெயில் 42 ஆகிவிடுகிறது, கண்ணாடியின் கதைதான் அப்புறம். இத்தனைக்கும் வைரம் எண்ணெயை இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிற கல், சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகையில் ஓடவிட்டே அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பழைய மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேயுங்கள். பூச்சுள்ள கல்லை மட்டும் ஊறப்போடாதீர்கள், பூச்சு உரிந்து கறுத்துப்போகும்.

கழுவியும் கடையில் பார்த்த வண்ணப்பொறி வரவில்லை என்றால், அது கடைக்காரர் மாட்டியிருக்கிற குட்டி விளக்குகளின் வேலை. அந்த வெளிச்சத்தில் அமெரிக்கன் டைமண்ட் வைரத்தைவிடவே அதிகமாக நிறம் பிரிக்கும். பனிமூட்டமான நாளில் ஏற்காடு ஏரிக்கரையில் நின்றால், வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பரவலாக வருவதால், அம்மாவின் வைரமும் கொஞ்சம் சோர்ந்துதான் தெரியும்.