வேக எலக்ட்ரான்கள்: வாசகர் கேள்வி-பதில்

செறிவான லேசர் துடிப்பு ஒரு திட இலக்கில் மோதும்போது அதற்குள் பாயும் வேக எலக்ட்ரான்களைப் பற்றிய கேள்விகள் இவை.

கே: 10¹⁹ லேசர் செறிவில் எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும்?

ப: அலகையும் காணோம், அலைநீளத்தையும் காணோம். வாட்/செ.மீ², 1 மைக்ரான் என்று எடுத்துக்கொள்கிறேன். சராசரியாக அரை மெகா எலக்ட்ரான் வோல்ட். அதே செறிவில் அலைநீளத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் நன்றாகக் குறையும். ப்ரீபல்ஸ் (முக்கியத் துடிப்புக்குச் சற்று முன்னால் வரும் வலுக்குறைந்த ஒளி) விவரமும் இல்லாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

கே: 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் பிளாஸ்டிக்கில் 4 மி.மீ. போகும் என்கிறது அட்டவணை. எங்கள் சோதனையில் அதில் சிறு பங்கு ஆழம்கூடப் போகவில்லை. டிடெக்டர் பழுதா?

ப: டிடெக்டரை விடுங்கள், அட்டவணையை மூடி வையுங்கள். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு யாராவது இதைத் திரையில் போடுகிறார்கள். அது தனியாகப் போகும் எலக்ட்ரானுக்கான கணக்கு. உங்களிடம் இருப்பது கூட்டம்.

100 ஜூல், 1 பிக்கோசெகண்ட் லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி அரை மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்து, 20 ஜூல் எலக்ட்ரான்களுக்குப் போனாலே மின்னோட்டம் 4 கோடி ஆம்பியர் ஆகிவிடும். இது தனியாக ஓடினால் அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கான ஜூல் வேண்டும். கையில் இருப்பது 20. ஒரு கற்றை தன் காந்தப்புலத்தாலேயே திருப்பப்படாமல் சுமக்கக்கூடிய மின்னோட்டத்துக்கு இயற்பியலாளர் ஆல்ஃபென் 1939-லேயே சொன்ன வரம்பும் இந்த ஆற்றலில் சில பத்தாயிரம் ஆம்பியர்தான். அப்படியும் கற்றை உள்ளே போகிறது என்றால், பொருளின் சொந்த மெது எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடி மின்னோட்டத்தை ஏறக்குறைய ஈடுசெய்கின்றன என்று அர்த்தம்.

அந்த எதிர் ஓட்டம் மோதி மோதித்தான் போகும். அதை ஓட்ட மின்புலம் வேண்டும், அதே புலம் வேக எலக்ட்ரான்களுக்கு பிரேக். 10 மைக்ரானுக்கு லட்சம் வோல்ட் என்ற அளவில்கூட அது எழலாம். பிளாஸ்டிக்கில் தொடக்கத்தில் கட்டற்ற எலக்ட்ரான்களே கிடையாது, அயனியாக்கித்தான் எடுக்க வேண்டும், அதனால் சிக்கல் கூடுதல். இயற்பியலாளர் பெல்லும் சகாக்களும் 1997-இல் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். பொருள் சூடேற ஏற மின்தடை மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒரே எண்ணைப் போட்டும் கணக்கிடாதீர்கள். ஒற்றை எலக்ட்ரான் அல்ல, கூட்டம். இதை மறக்கவே கூடாது.

கே: இலக்கின் பின்னால் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிடைத்த எலக்ட்ரான் வெப்பநிலைதான் (அவற்றின் சராசரி ஆற்றலைக் காட்டும் அளவு) உள்ளேயும் இருக்குமா?

ப: இருக்காது. வெளியே தப்புவது சிறு பங்கு. மிச்சத்தை, நேர்மின்னூட்டம் ஏறிய இலக்கு திரும்ப இழுத்துக்கொள்கிறது. உள்ளே பார்க்க, செம்புப் படலம் ஒன்றைப் புதைத்து வேக எலக்ட்ரான்கள் மோதும்போது அது உமிழும் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கே-ஆல்ஃபா எக்ஸ் கதிரை அளவிடுங்கள். தகடு மெல்லியதென்றால் ஒரே எலக்ட்ரான் பலமுறை போய்த் திரும்பும், அதையும் கணக்கில் சேருங்கள்.

கே: எலக்ட்ரான் ஓட்டத்தின் சிமுலேஷன் படம் இணைத்துள்ளேன். சரியா?

ப: எந்த மின்தடை மாதிரி, எவ்வளவு ப்ரீபல்ஸ்? வண்ணப் படத்தை வைத்துச் சரி, தவறு சொல்ல முடியாது.

கே: கற்றை விரிவதைத் தடுக்க வழி உண்டா?

ப: உண்டு. மின்தடை அதிகமான நடுக்கம்பியைச் சுற்றி மின்தடை குறைந்த பொருளை வைத்தால், எல்லையில் எழும் காந்தப்புலம் எலக்ட்ரான்களை உள்ளேயே பிடித்து வைக்கும். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் குழு, வரிசையாக நிற்கும் கார்பன் நானோகுழாய்கள் வழியே மெகா ஆம்பியர் ஓட்டத்தை மில்லிமீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோய்க் காட்டியது. அருமையான வேலை, தேடிப் படியுங்கள்.

கே: அணுக்கரு இணைவுக்கு இது உதவுமா?

ப: அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தின் டபாக் குழு 1994-இல் முன்வைத்த ஃபாஸ்ட் இக்னிஷன் (அழுத்திய எரிபொருளை வேக எலக்ட்ரான்களால் பற்றவைக்கும்) திட்டமே இதை நம்பியதுதான். விரிவு கட்டுக்குள் வராததால் லேசருக்கான ஆற்றல் தேவை ஏறிவிட்டது. முந்தைய பதிலில் உள்ள வழிகாட்டும் காந்தப்புலத்தில்தான் நான் நம்பிக்கை வைத்திருக்கிறேன்.