பல டொமைன்களைத் தாண்டும் மல்டிகாஸ்ட் மரம்: யார் கணக்கிடுவது, எப்படி? — கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வலையமைப்புத் துறையில் இருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லாம் ஒரே சிக்கலைச் சுற்றியே வருகின்றன. தரவு ஓரிடத்தில் புறப்படுகிறது, பல டொமைன்களை, அதாவது உள் விவரத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வலையமைப்புப் பகுதிகளைக் கடக்கிறது, பல இடங்களில் இறங்குகிறது. அதற்கான பாதை மரத்தைக் குறைந்த செலவில் அமைப்பது எப்படி?

தைப்பூசத்தன்று பத்துமலையிலிருந்து நேரலை அனுப்புகிறோம். பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினால் என்ன குறை? (செந்தூல்)

8 மெகாபிட் காணொளியை 1,000 பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால், புறப்படும் இடத்தில் 8 ஜிகாபிட் வேண்டும். மல்டிகாஸ்ட்டில் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரே ஒரு பிரதிதான் ஓடும். கிளை பிரியும் ரூட்டரில்தான் பிரதி எடுக்கப்படும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் பார்க்கும் பொதுமக்களுக்கு இது போய்ச் சேராது. பொது இணையத்தில் நிறுவனங்களுக்கிடையே மல்டிகாஸ்ட் பரவலாகத் திறந்துவிடப்படவில்லை. அவர்களுக்கு அருகிலிருக்கும் சர்வரிலிருந்து தனிப்பிரதிதான் வருகிறது. ஒளிபரப்பு நிலையத்திலிருந்து வட்டார நிலையங்களுக்கு அனுப்புவது, நிறுவனத்தின் சொந்த இணையத் தொலைக்காட்சிச் சேவை, பங்குச் சந்தை விலைத் தகவல் ஆகியவைதாம் மல்டிகாஸ்ட்டின் உண்மையான களம். நீங்கள் ஈப்போ, பினாங்கு நிலையங்களுக்கு அனுப்புவதென்றால் தொடர்ந்து படியுங்கள்.

பிம் (மல்டிகாஸ்ட் ரூட்டிங் நெறிமுறை) போட்டால் மரம் தானாகவே வளர்கிறதே, ஐயா. தனியாகக் கணக்கிட என்ன இருக்கிறது? (பெட்டாலிங் ஜெயா)

வளர்கிறது, உண்மைதான். பெறுநர் பக்கத்து ரூட்டர் மூலத்தை நோக்கிச் சேர்க்கைக் கோரிக்கையை அனுப்புகிறது. வழக்கமான ரூட்டிங் அட்டவணை காட்டும் வழியிலேயே அது ஒவ்வொரு ரூட்டராகப் பின்னோக்கிப் போகிறது. பல கோரிக்கைகள் ஒரே ரூட்டரில் சந்தித்தால் அங்கே கிளை உருவாகிறது. அந்தச் சந்திப்பு தற்செயலானது. மரம் முழுவதையும் யாரும் பார்ப்பதில்லை. இந்த இணைப்பில் இவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதா என்றும் யாரும் கேட்பதில்லை.

பாக்கெட்டுகளை அவற்றில் ஒட்டிய லேபலைப் பார்த்து அனுப்பும் எம்பிஎல்எஸ் வலையமைப்பில் நிலைமை வேறு. 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4875 (ஆர்எஃப்சி என்பது எண்ணிட்ட இணையத் தொழில்நுட்ப ஆவணம்), ஒரு புள்ளியிலிருந்து பல புள்ளிகளுக்குச் செல்லும் லேபல் பாதையை நாமே வரைந்து கொடுக்கவும், வழியெங்கும் அலைவரிசை (தரவுக்கான இடம்) ஒதுக்கவும் இடம் தருகிறது. வரைந்து கொடுக்கலாம் என்றால் யாரோ வரைய வேண்டும் அல்லவா? அந்தப் பொறுப்பைத்தான் பிசிஇ எனப்படும் பாதைக் கணக்கீட்டுக் கூறு ஏற்கிறது. அதன் கட்டமைப்பை 2006-இல் ஆர்எஃப்சி 4655 வகுத்தது.

டொமைன் என்றால் ஒரு நிறுவனத்தின் முழு வலையமைப்பா? (கிள்ளான்)

அப்படியும் இருக்கலாம். ஒரே நிறுவனத்துக்குள் ஓஎஸ்பிஎஃப் (உள் ரூட்டிங் நெறிமுறை) பகுதிகளாகப் பிரித்திருந்தால் அந்தப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு டொமைன்தான். ஆகவே இந்தச் சிக்கல் போட்டி நிறுவனங்களுக்கு இடையில் மட்டும் வருவதில்லை. உங்கள் சொந்த வீட்டுக்குள்ளும் வரும்.

ஒவ்வோர் ஊருக்கும் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் அதுவே சிறந்த மரம் ஆகாதா? (பட்டர்வொர்த்)

ஆகாது. இந்த இடம் பிடிபட்டால் மற்றவை தாமாகவே விளங்கும் என்பதால் எண்களோடு பார்ப்போம். ஊர்ப்பெயர்கள் அடையாளத்துக்காக மட்டும்.

மூலம் கோலாலம்பூர் டொமைனில். இறங்க வேண்டிய இடங்கள் பினாங்கு, கெடா என்ற இரண்டு டொமைன்கள். நடுவில் பேராக் டொமைன். அதற்குள் நுழைய அ, ஆ, இ என்று மூன்று எல்லை ரூட்டர்கள். மூலத்திலிருந்து அ-வுக்குச் செலவு 10, ஆ-வுக்கு 10, இ-க்கு 12. பேராக்கைக் கடக்கும் செலவு: அ-விலிருந்து பினாங்கு எல்லைக்கு 4, கெடா எல்லைக்கு 13. ஆ-விலிருந்து கெடாவுக்கு 4, பினாங்குக்கு 13. இ-யிலிருந்து இரண்டுக்கும் 5.

தனித்தனியாகக் கேட்டால் பினாங்குக்கு அ வழி, செலவு 14. கெடாவுக்கு ஆ வழி, அதுவும் 14. இரண்டும் பொது இணைப்பு ஒன்றுகூட இல்லாமல் போவதால் மரத்தின் மொத்தச் செலவு 28. இரண்டையும் அ வழியாகவே அனுப்பினால் 10, 4, 13 சேர்ந்து 27. இ வழியாக அனுப்பினாலோ 12, 5, 5 சேர்ந்து 22 மட்டுமே. தனியாகக் கேட்டபோது யாருமே தேர்ந்தெடுக்காத நுழைவாயில்தான் மொத்தத்தில் மலிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேராக்கின் பிசிஇ ‘பினாங்குக்கு மிகச் சிறந்த வழி இதோ’ என்று ஒரே விடையை மட்டும் அனுப்பியிருந்தால், இ என்ற பெயரே கோலாலம்பூருக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் ஆர்எஃப்சி 5441 சொல்லும் பின்னோக்கிய கணக்கீட்டில், ஒவ்வொரு டொமைனும் தன் எல்லா நுழைவாயில்களிலிருந்தும் இலக்குக்கான சிறந்த பாதையைப் பட்டியலாக மேலே அனுப்புகிறது. இலக்கு டொமைனில் தொடங்கி மூலத்தை நோக்கி அந்தப் பட்டியல் வளர்கிறது. அவசரப்பட்டு நடுவில் யாரும் வடிகட்டிவிடக் கூடாது.

மலிவான மரத்துக்கு ஒரு விலையும் உண்டு. இங்கே செலவு என்பது தாமதத்தையும் குறித்தால், இரு ஊர்களுக்கும் 14-க்குப் பதில் 17 ஆகிறது. தாமத வரம்பு 15 என்றால் 28 செலவுள்ள மரத்தைத்தான் எடுக்க வேண்டும். எது வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த நிறுவனம் தன் உள் அமைப்பைக் காட்டாது. அப்போது எப்படிக் கணக்கிடுவது? (சைபர்ஜெயா)

காட்டவே வேண்டாம். மேலே உள்ள கணக்கில் பேராக் கொடுத்தது ஆறு எண்கள் மட்டும். உள்ளே எத்தனை ரூட்டர் என்று ஒரு சொல்கூட இல்லை. பாதையையே ஒப்படைக்க வேண்டிய கட்டத்தில், அதன் உள்பகுதிக்குப் பதிலாக ஒரு சாவி எண்ணை மட்டும் தரலாம். லேபல் பாதை அமைக்கும் செய்தி எல்லைக்கு வந்ததும் அந்த நிறுவனமே சாவியைத் தன் உண்மையான பாதையாக விரித்துக்கொள்ளும். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5520 சொல்வது இதைத்தான்.

2014-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7334 இந்தப் பிரிவினையையே அடித்தளமாக எடுத்துக்கொள்கிறது. முதலில் எல்லை ரூட்டர்களை மட்டும் இணைக்கும் மைய மரம். அது முடிவான பிறகு, ஒவ்வொரு டொமைனின் பிசிஇயும் தன் எல்லைக்குள் இருக்கும் பெறுநர்களைச் சொந்தக் கிளை மரமாக ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து கிடைக்கும் மரம் எல்லை ரூட்டர்களுக்கிடையே சிறந்தது; முழு வலையமைப்பையும் ஒருவரே பார்த்துக் கணக்கிட்டால் கிடைப்பதைவிடச் சில நேரம் சற்றுக் கூடுதல் செலவாகலாம். அந்த வித்தியாசத்தை மனமாரக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஆவணம் சோதனை நிலையிலானது, கட்டாயத் தரம் அன்று. ஆனாலும் சிந்தனை முறை எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

பினாங்கில் ஒரு புதிய பெறுநர் சேர்ந்தால் மரம் முழுவதையும் மறுபடி போட வேண்டுமா? (பாயான் லெப்பாஸ்)

வேண்டாம். மைய மரத்தைப் பிரித்து வைத்ததன் பெரிய ஆதாயமே இதுதான். பினாங்கு டொமைன் ஏற்கெனவே மரத்தில் இருந்தால், சேர்வதும் விலகுவதும் அந்த டொமைனுக்குள்ளேயே முடிந்துவிடும். கெடாவுக்குச் செய்திகூடப் போகாது. பிசிஇகளுக்கிடையே பரிமாறும் செய்திகளின் எண்ணிக்கையும் பெறுநர் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கக் கூடாது என்று அந்த ஆவணமே வலியுறுத்துகிறது.

எந்த டொமைன் வழியாக எந்த டொமைனுக்குப் போவது என்பதை யார் தீர்மானிப்பது? (ஷா ஆலம்)

மேலே சொன்ன முறை அதை முன்கூட்டியே தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது. தெரியாவிட்டால் 2012-இன் ஆர்எஃப்சி 6805 காட்டும் படிநிலை அமைப்பு உதவும். மேலே ஒரு தாய் பிசிஇ. அதற்கு டொமைன்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதம் மட்டும் தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. ஒரே நிறுவனத்தின் பல பகுதிகள் என்றால் இது எளிது. பல நிறுவனங்கள் என்றால், அந்தத் தாய் யாருடைய கட்டடத்தில் இருப்பது என்ற பேச்சுவார்த்தைதான் கணக்கைவிடக் கடினம்.

இறுதியாண்டு மாணவன், ஐயா. எல்லாச் சேர்க்கைகளையும் கணினியிலேயே சோதித்துப் பார்த்துவிட முடியாதா? (பினாங்கு)

சிறிய வலையமைப்பில் முடியும், தம்பி. 4 டொமைன்கள், ஒவ்வொன்றுக்கும் 3 நுழைவாயில்கள் என்றால் 81 சேர்க்கைகள். 12 டொமைன்கள் என்றால் 5,31,441. இதற்குப் பின்னால் இருப்பது, குறிப்பிட்ட புள்ளிகளையெல்லாம் மிகக் குறைந்த செலவில் இணைக்கும் மரத்தைத் தேடும் ஸ்டைனர் மரச் சிக்கல்; ரிச்சர்ட் கார்ப் 1972-இல் பட்டியலிட்ட 21 கடினமான சிக்கல்களில் ஒன்று. எல்லா நேரத்துக்கும் பொருந்தும் விரைவான வழி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் சிறந்த விடையைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாது என்று நிரூபிக்கப்பட்ட தோராய முறைகள் 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பில் அத்தகைய ஸ்டைனர் மரச் செயல்பாடு தயாராகவே இருக்கிறது. முதலில் முழு வரைபடத்தில் அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே வரைபடத்தை டொமைன்களாக வெட்டி, மைய மரமும் கிளை மரங்களும் தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு மொத்தச் செலவுகளுக்கும் உள்ள இடைவெளி எந்த வடிவ வலையமைப்பில் கூடுகிறது, எதில் குறைகிறது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். எழுத நிறைய இருக்கிறது.

பியர் வந்த பிறகு இந்த மரக் கணக்கெல்லாம் தேவையா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

2017-இல் ஆர்எஃப்சி 8279 வகுத்த பியர், நடு ரூட்டர்களில் மர நிலையை வைப்பதே இல்லை. எந்தெந்த வெளிவாயிலுக்குப் போக வேண்டும் என்பது பாக்கெட்டிலேயே பிட்களாக எழுதப்பட்டிருக்கிறது. டொமைனுக்குள் அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வழியை அது வழக்கமான ரூட்டிங்கிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அலைவரிசை உறுதியும், நாம் தேர்ந்தெடுத்த எல்லை வாயிலும் வேண்டுமென்றால் கணக்கு மறுபடி வந்து நிற்கும்.

எங்களிடம் இரண்டே டொமைன்கள், நடுவில் இரண்டு எல்லை ரூட்டர்கள். பிசிஇ வாங்க வேண்டுமா? (ஜார்ஜ்டவுன்)

வேண்டாம். இரு வாயில்களுக்கும் மொத்தச் செலவைத் தாளில் கூட்டிப் பாருங்கள். மலிவானதை முதன்மையாகவும் மற்றதை மாற்று வழியாகவும் வைத்து, இரண்டையும் கையாலேயே வரைந்து கொடுத்துவிடுங்கள். மூன்றாவது டொமைன் சேரும்போது மறுபடி எழுதுங்கள்.